ஏழாவது இனம்: வலி, வேதனை

பெயரைக் கூப்பிடுவதற்குள் வலி வந்துவிட வேண்டும். மணி பத்து ஐம்பது ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. மூன்று வருஷம் இரண்டு மாதமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காத வலி, தீபாவளி, பண்டிகை என்று பார்க்காமல் விடியும் முன்னால் வந்து எழுப்பிவிடுகிற வலி, இன்றைக்கென்று பார்த்துக் காணாமல் போய்விட்டது. பெஞ்சில் இடது பக்கமாகச் சாய்ந்து பார்த்தேன். அந்தப் பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கிற பிளேட்டு நறுக்கென்று ஒரு குரல் கொடுக்கும். கொடுக்கவில்லை. காலை நீட்டினேன், மடக்கினேன், பாதத்தைத் தரையில் அழுத்தினேன். தொடையில் ஏதோ கனமாக இருக்கிறது, அவ்வளவுதான். கனத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டில் என்ன சொல்வது. கனமாக இருக்குதுங்க என்றால் சிரிப்பார்கள். நேற்றுக்கூட அடுப்படியில் குழம்புச் சட்டியை இறக்கும்போது வந்தது, மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன், சட்டி கொஞ்சம் சிந்தியது. அப்படி நேற்று வரைக்கும் இருந்ததற்கு இன்றைக்கு என்ன வந்தது. வேண்டாத விருந்தாளி, வேண்டும் என்று கூப்பிட்டால் வருவானா. வக்கீலம்மா வாசுகி நேற்று ஆபீசில் உட்கார வைத்துத் தெளிவாகத்தான் சொன்னார். உங்கள் பக்கத்து வாக்குமூலம் எழுத்தில் கொடுத்தாகிவிட்டது, நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேள்வி கேட்பார், கூண்டில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், கூட்டிச் சொல்ல வேண்டாம், ஆனால் தயவுசெய்து குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், உங்களிடம் எனக்கு அதுதான் பயம் என்றார். தொடை எலும்பு சேரும் இடத்தில் இருக்கிற பந்து செத்துக்கொண்டிருக்கிறதாம். அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் நடை நின்றுவிடும் என்று எலும்பு டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. இந்தக் கேஸில் வருவதை நம்பித்தான் அந்த ஆபரேஷன். ஆக, இன்றைக்கு நான் வாயைத் திறந்து சொல்வதில்தான் என் கால் இருக்கிறது. அந்த வாயை நம்பலாமா என்பதுதான் எனக்கே தெரியவில்லை.

ஏனென்றால் ஒரு தடவை இந்த வாய் காரியத்தைக் கெடுத்துவிட்டது. போன ஆடி மாசம், ஊனம் எத்தனை சதவீதம் என்று பார்க்க மருத்துவக் குழுவின் முன்னால் போய் நின்றேன். டாக்டர் சின்ன வயசு, மருமகன் வயசுகூட இருக்காது. நிமிராமலே எப்படிம்மா இருக்கீங்க என்றார். நல்லா இருக்கறனுங்க என்றேன். அவ்வளவுதான். எங்கள் ஊர்ப்பக்கம் யார் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள். மூக்கில் குழாய் வைத்துப் படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போனாலும், எப்படி இருக்கறீங்க என்று கேட்டால், நல்லா இருக்கறனுங்க, நீங்க சௌக்கியமுங்களா என்று குழாயோடு சேர்த்து முனகுவார். என் சின்னமாமியார் சாகிற அன்று காலையில்கூட அப்படித்தான் சொன்னது. வந்தவர் மனசு சங்கடப்படக் கூடாது, பதிலுக்கு வந்தவரையும் ஒரு வார்த்தை விசாரித்துவிட வேண்டும், அது ஒரு முறை. அந்த முறையில்தான் நானும் டாக்டர் தம்பியிடம் நீங்க சாப்டீங்களா என்று வேறு கேட்டுவைத்தேன். அவர் எழுதிக்கொண்டார். மேஜை மேல் ஏறிப் படுக்கச் சொன்னபோது நர்ஸ் கை கொடுக்க வந்தது, பரவால்ல கண்ணு என்று நானே பல்லைக் கடித்து ஏறினேன். அதையும் எழுதிக்கொண்டார். முதலில் பார்த்த எலும்பு டாக்டர் நாற்பத்தைந்து என்று கொடுத்திருந்தது, இந்த மேஜையை விட்டு இறங்கியபோது இருபதாகிவிட்டது. மற்றதெல்லாம் படத்தைப் பார்த்துப் போட்டிருப்பார்கள், என் வார்த்தையால் மட்டுமா குறையும் என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். ஆனால் சீட்டில் கடைசி வரியில் இருக்கிறது, தான் நலமாக இருப்பதாக மனுதாரரே கூறுகிறார் என்று. வக்கீலம்மா அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். அந்த வரிதான் இன்றைக்கு வரும். வராமல் இருக்காது.

உள்ளே யாருடைய கேஸோ ஓடுகிறது. டவாலி கதவோரம் நின்று காது குடைகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவர், சென்னியப்பன், என் வீட்டுக்காரர், ஜவுளிக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீசை மூன்றாவது தடவையாகப் படிக்கிறார். ஏலம் பற்றிய நோட்டீஸ். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம். பையில் என் கேஸ் கட்டு இருக்கிறது. அதில் மனுவின் நகலை நான் எத்தனை தடவை படித்திருப்பேன். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்ததற்கு இப்போதுதான் வேலை வந்தது. என் உடம்பைப் பத்து இனமாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு ஒன்று, போக்குவரத்து ஒன்று, சத்தான உணவு ஒன்று. நாலாவது இனம் துணிமணி சேதம், ஆயிரம் ரூபாய். அரக்கு பார்டர் போட்ட என் மயில் கழுத்துப் பட்டு, ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் போட்டு இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் கிழித்தார்கள், நினைவு தப்பப் போகிற அந்த நேரத்திலும் முந்தானையையாவது விடுங்க என்று நான் கத்தியது ஞாபகம் இருக்கிறது. ஏழாவது இனம்தான் வலி, வேதனை. அதற்கு நேராக இரண்டு லட்சம். எப்படி அந்தக் கணக்கு வந்தது என்று வக்கீலம்மாவைக் கேட்டேன், கேட்பது நம் கடமை, கொடுப்பது ஜட்ஜ் இஷ்டம் என்றார். அதைப் பற்றி வாக்குமூலத்தில் ஒரே வரி, மேற்படி விபத்தினால் நான் தாங்கவியலாத வலியும் வேதனையும் அனுபவித்து வருகிறேன். சற்று முன் பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த விரல் போன மனிதர் தன் காகிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார், அதிலும் அதே வரி, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவருக்குப் போனது விரல், எனக்கு இடுப்பு, இரண்டு பேருக்கும் ஒரே வலியா. எனக்குக் கோபம்கூட வந்தது. என் வலியைப் பற்றி எழுதச் சொன்னால் நான் எழுதியிருப்பேன். மில்லில் கோன் வைண்டிங்கில் எட்டு மணி நேரம் நின்ற காலில் நின்றவள் நான், நூல் அறுந்த இடத்துக்கு முதலில் போய் நிற்பது பூவாத்தாள்தான் என்று மேஸ்திரி சொல்லிக் காட்டுவார். இப்போது கக்கூஸில் உட்காருவதற்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறது. கல்யாணத்துக்குப் போனால் பந்திப் பாயில் உட்கார முடியாமல் ஓரத்தில் நாற்காலி போட்டு என்னை மட்டும் தனியாக உட்கார வைத்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் எப்படி இருக்கறீங்க என்று கேட்கிறார்கள். நல்லா இருக்கறனுங்க. இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. இவர் படுப்பது இடது பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம்தான். அப்படியானால் மூன்று வருஷமாக நான் இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறேன், இதை எந்த இனத்தில் எழுதுவது.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வலி வராதது ஒரு பயம் என்றால், வந்து, நான் வாயைத் திறந்து சொல்லி, இவர் அதைக் கேட்டுவிடுவாரே என்பது அதைவிடப் பெரிய பயம். மொபெட்டை ஓட்டியது இவர். நம்பியூரில் என் தம்பி குழந்தைக்குக் காது குத்து. நான் பின்னால் மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்தேன், தட்டில் தேங்காய், பழம், குழந்தைக்கு வெள்ளி அரைஞாண். வளைவில் இவர் தலையை லேசாகத் திருப்பி, தட்டு நழுவுது பாரு, என்னைப் புடிச்சுக்க என்றார். புடிச்சுக்க என்ற வார்த்தை முடிவதற்குள் எதிரே பால் டேங்கர். டேங்கர்தான் ரோட்டின் இந்தப் பக்கத்துக்கு வந்தது, போலீஸ் எழுதியதும் அதுதான், அந்த டிரைவர் ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டிவிட்டான். ஆனால் இவருக்கு அதெல்லாம் ஏறவில்லை. இவருக்கு முழங்கையில் மூன்று தையல், அதுவும் தழும்பு தெரியாமல் ஆறிவிட்டது. தழும்பு ஒன்று நின்றிருந்தாலாவது கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார். ஆஸ்பத்திரியில் நான் முதல் தடவை ஐயோ என்றபோது இவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அடி வாங்கிய ஆள் மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுஷன் காது கேட்க வலி என்ற சொல்லை எடுக்கக் கூடாது என்று. எடுக்கவும் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழப் பழகினேன். மாடிப்படியில் இவர் முன்னால் போகட்டும் என்று செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்கப் பழகினேன். இவரும் வலிக்குதா என்று ஒரு நாள் கேட்டதில்லை. பரவால்லயா என்பார். கேள்வியிலேயே பதில் இருக்கும். பரவால்லீங்க என்பேன். இரண்டு பேரும் சேர்ந்து நன்றாகத்தான் கட்டிக் காத்தோம். அதை இன்றைக்கு நான் கூண்டில் ஏறி நின்று உடைக்க வேண்டும். இவரை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும். டீ வாங்கி வரச் சொல்லலாமா, இப்போதுதான் குடித்தோம். அதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

எழுந்தேன். பாத்ரூமுங்க என்று சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் போனேன். விபத்தில் காலை உடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என்று ஒரு கோர்ட்டு, அதை மாடியில் வைத்தவன் யாரோ, அவன் முகத்தை ஒரு தடவை பார்க்க ஆசை. இருபத்திரண்டு படி. காலையில் ஏறும்போது எண்ணினேன். எப்போதும் ஏறினால் ஐந்தாவது படியில் கேட்கும், இறங்கினால் ஆறாவதில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஆறு, ஏழு, எட்டு. ஒன்றுமில்லை. மறுபடி ஏறினேன். வா, வந்து தொலை என்று உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டே ஏறினேன். கேஸ் கட்டோடு எதிரே வந்த ஒரு குமாஸ்தா, என்னங்கம்மா தேடறீங்க என்றார். எதுவுமில்லீங்க என்றேன். நல்லவேளை, எப்படி இருக்கறீங்க என்று கேட்கவில்லை. மேலே வந்து சுவரைப் பிடித்து நின்றபோதுதான் பொறி தட்டியது. மாத்திரை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இவர் தண்ணீர் டம்ளரோடு உள்ளங்கையில் மாத்திரையை வைத்து நீட்டினார். தினமும் நீட்டுவதுதான், நான் பேச்சுவாக்கில் விழுங்குவதுதான். இன்றைக்கு இரண்டு இருந்தது. பஸ்ஸில் தூக்கிப் போடும், சேர்த்துப் போட்டுக்க என்றார். போட்டுக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரமாக வந்தது. இரண்டு லட்சத்துக்கு வலியைக் காட்டப் போகிற நாளில் அதை மாத்திரை கொடுத்து அமுக்கிவிட்டு, பையை மடியில் வைத்து ஏல நோட்டீஸ் படிக்கிற மனுஷனை என்ன செய்வது. சுவரிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன். மாத்திரை தீர்ந்து நான் ஒரு நாள்கூடக் கடைக்குப் போனதில்லை. அட்டை தீர்வதற்குள் அடுத்த அட்டை வந்துவிடும். எண்ணி வைத்திருக்கிறார். மூன்று வருஷமாக எண்ணி வைத்திருக்கிறார். அப்படியானால் குளியலறைக் குழாய் எதற்காகத் திறந்திருந்தது என்பதும் தெரிந்திருக்கும்.

பெஞ்சுக்குத் திரும்புவதற்குள் வக்கீலம்மா வெளியே வந்து, அடுத்தது நாமதான், காயச் சான்றிதழ் ஜெராக்ஸ் தெளிவாக இல்லை, கீழே போய் இன்னொரு காப்பி எடுத்து வாருங்கள் என்று இவரிடம் கொடுத்தார். கடவுளே கொடுத்த மாதிரி இருந்தது. இவர் போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, பரவால்லயா என்றார். தலையாட்டினேன். டவாலி பூவாத்தாள், பூவாத்தாள் என்று இரண்டு தடவை கூப்பிட்டார், பக்கத்தில்தான் நின்றேன், ஆனாலும் கூப்பிட வேண்டியதைக் கூப்பிட்டாக வேண்டும் போல. கூண்டு என்றால் சினிமாவில் வருகிற மாதிரி இல்லை, இடுப்பளவு மரச் சட்டம், ஒரு படி உயரம். ஜட்ஜ் ஐயா என்னைப் பார்த்துவிட்டு நாற்காலி போடச் சொன்னார். பரவால்லீங்க என்று என் வாய் சொல்லிவிட்டது. வக்கீலம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்சூரன்ஸ் வக்கீல் நரைத்த மனிதர், பேச்சில் ஒரு வெல்லம். ஊரிலிருந்து பஸ்ஸில்தான் வந்தீர்களா என்றார். ஆமாங்க என்றேன். ஜட்ஜ் ஐயா டைப்பிஸ்ட்டிடம், நானே சொல்கிற மாதிரி, நான் பேருந்தில் வந்தேன் என்றால் சரிதான் என்று சொன்னார், அந்தப் பெண் தட்டியது. யார் உதவியும் இல்லாமல் மாடி ஏறி வந்தீர்களா. மேலதானுங்க கோர்ட்டு இருக்குது என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். ஜட்ஜ் ஐயா சிரிக்கவில்லை, அதற்கும் ஒரு சரிதான் போட்டார். இவ்வளவு நேரமாக நிற்கிறீர்களே, இப்போது வலிக்கிறதா என்று அந்த வக்கீல் கேட்டார். வக்கீலம்மாவின் பேனா நின்றது எனக்குத் தெரிந்தது. உடம்பு முழுக்கத் தேடினேன், கடைசித் தடவையாக.

"இல்லீங்க," என்றேன். "மாத்திரை போட்டிருக்கறனுங்க. தினமும் ஒண்ணு. இன்னைக்கு ரெண்டு."

அவர் அதை விட்டுவிட்டுக் கையில் இருந்த சீட்டைப் பிரித்தார். எனக்கு அந்தச் சீட்டு தூரத்திலிருந்தே தெரியும். மருத்துவக் குழு டாக்டர் கேட்டபோது நல்லா இருக்கேன் என்று சொன்னது நீங்கள்தானே என்றார். நான்தானுங்க. அப்படியானால் வலி இருக்கிறது என்று வாக்குமூலத்தில் சொல்லியிருப்பது பொய். பொய் இல்லீங்க. அப்படியானால் டாக்டரிடம் சொன்னது பொய், இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும், எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார், அதையும் வெல்லமாகவே. எங்கள் ஊரில் யார் கேட்டாலும் அப்படித்தானுங்க சொல்வோம் என்று ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். வக்கீலம்மாவும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அது உண்மையும்தான், ஆனால் பாதி உண்மை. நல்லா இருக்கறனுங்க என்று நான் சொன்ன அந்த நொடி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. டாக்டர் தம்பி எழுதுகிறது, நர்ஸ் கை நீட்டுகிறது, மேஜையின் அந்தப் பக்கம் ஒருவர் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பதில் சொல்லத் தலையைத் தூக்கினேன். கோர்ட்டு வாசலில் இவர் நின்றார், ஜெராக்ஸ் தாளோடு, கீழே ஓடிப் போய் ஓடி வந்த மூச்சிரைப்போடு. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. போங்க என்று கண்ணைக் காட்டலாம், போக மாட்டார். வேறு ஏதாவது சொல்லலாம். ஜட்ஜ் ஐயா காத்திருந்தார், டைப்பிஸ்ட் பெண்ணின் விரல் காத்திருந்தது.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு கூட நின்னாருங்க," என்றேன். "அவரு காதுல விழற மாதிரி வலிக்குதுன்னு நான் இதுவரைக்கும் சொன்னதில்லீங்க."

வெல்லக்கார வக்கீல் சீட்டைப் பார்த்தார், அதில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஜட்ஜ் ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், மருத்துவக் குழுவின் முன் என் கணவர் உடன் இருந்த காரணத்தால் நான் நலமாக இருப்பதாகக் கூறினேன், வலி இல்லை என்று சொன்னால் சரியல்ல. அந்தப் பெண் தட்டி முடித்தது. உட்காருங்கம்மா என்றார் மறுபடியும். இந்தத் தடவை உட்கார்ந்தேன். அப்புறம் வக்கீலம்மா எழுந்து எதைச் செய்ய முடியாது என்று ஒவ்வொன்றாகக் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னேன், பந்திப் பாயை, ஓட்டை போட்ட நாற்காலியை, குழம்புச் சட்டியை. எந்தப் பக்கம் படுக்க முடியாது என்பதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் தட்டியது. வாசல் பக்கம் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோதுதான் பார்த்தேன், இவர் அந்த ஜெராக்ஸ் தாளை எண்ணுகிற மாதிரி புரட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தாள்தான் அது.

வராந்தாவில் வக்கீலம்மா அடுத்த தேதி சொன்னார், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது, அந்தச் சீட்டு இன்னும் சீட்டுதான், ஆனால் உங்கள் வார்த்தை கேஸ் கட்டுக்குள் ஏறிவிட்டது என்றார். இவர் சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. கெடுத்துவிட்டேனோ, கால் கிடைக்கிறதோ இல்லையோ, இத்தனை வருஷம் பொத்தி வைத்ததை ஊரறியத் தட்டச்சு அடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேனே. மாடிப்படிக்கு வந்தோம். செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன், அவர் முன்னால் இறங்கட்டும் என்று. அவர் இறங்கவில்லை, நின்றார். வேறு வழியில்லாமல் நானே கைப்பிடியைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு. அவர் என்னைத் தாண்டி ஒரு படி கீழே போய், என் பக்கமாகத் திரும்பி, பின்பக்கமாகவே இறங்கினார், விழுந்தால் பிடிக்கிற மாதிரி. நாலு, ஐந்து. ஆறாவது படியில் காலை வைத்தேன், வந்துவிட்டது. காலையிலிருந்து தேடியது, கூப்பிடக் கூப்பிட வராதது, ஈரத் துணியை முறுக்குகிற மாதிரி இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் முறுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூச்சைப் பிடித்தேன். முகத்தைச் சரி செய்துகொண்டேன், பரவால்லீங்க என்று சொல்ல நாக்கும் தயாராகிவிட்டது.

"வலிக்குதா புள்ள?" என்றார்.

கேட்டுவிட்டார். கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண் சிவந்திருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டேதான் நின்றார். பின்னால் இரண்டு பேர் இறங்க வழி கேட்டு நின்றார்கள்.

"வலிக்குதுங்க," என்றேன். "ரொம்ப வலிக்குதுங்க."

எங்கே என்று கேட்டார். இங்கேங்க என்று கையை வைத்துக் காட்டினேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கீழே இன்னும் பதினாறு படி இருந்தது.